தொட்டிக்குள் முழு நிலா

ஜூன் 3, செவ்வாய்
மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் கிளம்பினார். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் மீன் கிடையாது, உயிருள்ள கடல் பவளம்தான். கல்யாணமான வருஷம் நகத்தளவு துண்டாக வாங்கியது, இப்போது காலிபிளவர் மாதிரி ஆகிவிட்டது. "காய்கறி எப்ப மாப்பிள்ளை பறிக்கிறது?" என்று தினமும் கேட்பேன். சிரிப்பார். வாயே திறக்காத மனுஷன், அந்தத் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் என்னோடு பேசுவார்.

தொட்டி விளக்கை இயக்கும் போனை என் கையில் கொடுத்தார். "எல்லாம் தானா எரிஞ்சு தானா அணையும் மாமா. நீங்க சும்மா பாத்துக்கிட்டா போதும்."

சும்மாவா? காலம் பூரா நாடக மேடைக்கு விளக்கு போட்டவன் நான்!

ஜூன் 5, வியாழன்
போனுக்குள் மேகம், மின்னல், நிலா எல்லாம் இருக்கிறது. நாங்கள் அந்தக் காலத்தில் மின்னலுக்குக் கம்பியை உரசி விரலைச் சுட்டுக்கொண்டோம். இங்கே தொட்டால் போதும். எதிர்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டுக் கைதட்டினார்.

ஜூன் 6, வெள்ளி
நிலாவை முழுசாக ஏற்றினேன். பவளம் குட்டிக் குட்டி விரலை வெளியே நீட்டியது. அதுவும் கைதட்டுகிறது! அவர் வைத்தபடியே விடச் சொன்னாள் மகள். "உன் வீட்டுக்காரர் அதைப் பட்டினி போட்டுட்டார், நான் விருந்து வைக்கிறேன்" என்றேன். இனிமேல் விடிய விடிய நீல நிலா. பகலிலும் அதே நீலத்தில் மேகமும் மின்னலும்.

ஜூன் 11, புதன்
நீல வெளிச்சத்தில் பவளம் மரகதமாக மின்னுகிறது. என் கைராசி.

ஜூன் 17, செவ்வாய்
நாளை வருகிறார். இடிச் சத்தத்துக்கு ஒரு தகரம் தேடி வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, புதன்
பையைக்கூட இறக்கவில்லை. நேரே தொட்டிக்குப் போனார், நீலத்தை அணைத்து வெள்ளை விளக்கைப் போட்டார்.

சுண்ணாம்பு. பவளம் முழுக்கச் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது.

"எவ்ளோ நாளா நிலா எரியுது மாமா?"

"நீங்க போன மூணாம் நாள்லேர்ந்தே."

அவ்வளவுதான் கேட்டார். நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 19, வியாழன்
மனசு கேட்காமல் நானே போய்க் கேட்டேன், மின்னலால் அதுக்கு ஒரு நல்லதும் இல்லையா என்று.

"அது நம்ம கண்ணுக்கு மாமா. அதுக்குப் பகல்ல ஒரே சீரா வெளிச்சம் வேணும், ராத்திரி இருட்டு வேணும்."

விரல் நீட்டியது இரை தேடத்தானாம். கைதட்டல்னு நெனச்சேனே, கூறுகெட்டவன். அதுகூடப் போகட்டும். நீலம் போட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான், காய்ச்சல்காரன் எவன்னு தெரியாது — இது எனக்குத் தெரியாதா? வெளிறிப்போன நடிகனை நான்தானே நீலத்துல ஒளிச்சேன்? தெரிஞ்ச வேலையிலயே கோட்டை விட்டுட்டேனே.

ஜூன் 25, புதன்
ஒரு ஓரத்தில் இன்னும் கொஞ்சம் நிறம் இருக்கிறதாம். மகள் சொன்னாள். அவர் என்னிடம் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்
சாயங்காலம் தொட்டி முன்னால் குனிந்து அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றேன். கேலி ஒன்றும் வாயில் வரவில்லை. எப்படி இருக்கு என்று மட்டும் கேட்க நினைத்தேன்.

சட்டென்று எழுந்துவிட்டார். "உக்காருங்க மாமா" என்று நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனார்.

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

உட்கார்ந்தேன். நாற்காலியில் அவர் சூடு இன்னும் இருந்தது.