கொதித்துக்கொண்டிருந்த சர்க்கரைத் தண்ணீர்

அன்பு மகன் எவாரிஸ்தோவுக்கு அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. அலாஸ்காக் குளிரில் மீன் வெட்டுகிற உன் கைவிரல்கள் பத்திரமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் தினமும் எழுந்திருக்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே விமானம் ஏறக் கிளம்பிவிடுவாய், அதனால் அவசரத் தபாலில் எழுதுகிறேன், முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

செப்டம்பர் பிறந்ததும் பூத்தேன் குடிக்கிற ரீங்காரச் சிட்டுகள் வந்து இறங்கிவிட்டன. வளைகுடாவைத் தாண்டி மெக்சிகோவுக்குப் போகிற கூட்டம், கடல்மேல் உட்கார இடம் ஏது, இங்கேயே வயிறு முட்டக் குடித்துக் கொழுத்தால்தான் உயிர் பிழைக்கும். கொல்லை வேலி நெடுகச் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகளைக் கட்டியிருக்கிறேன். தெருவோடு போகிறவர்கள் ஆகா எவ்வளவு அழகு என்கிறார்கள், கிட்டே நின்று பார்த்தால் தெரியும். கட்டைவிரல் அளவு உடம்பில் அத்தனை கொலைவெறி. ஒரு ஆண் சிட்டு ஒரு புட்டியைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, வருகிறதையெல்லாம் அலகால் குத்தி மண்ணில் தள்ளுகிறது, தானும் நிம்மதியாகக் குடிப்பதில்லை. அதற்கு நிக்கானோர் என்று உன் அக்கா புருஷன் பெயரையே வைத்தேன். பெலேன் சிரிக்கவில்லை.

ஆமாம், உன் அக்கா பெலேன் ஆகஸ்டிலிருந்து இங்கேதான் இருந்தாள். அவன் கடலுக்குள் எண்ணெய்த் தளத்து வேலைக்குப் போன சமயம் பார்த்து அவனுடைய டிரக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு கண் திறக்கவில்லை, தாடை வீங்கியிருந்தது. "கதவுல இடிச்சிக்கிட்டேம்மா" என்றாள். "உங்க வீட்டுக் கதவு மோதிரம் போட்டிருக்குதோ" என்று கேட்டேன், அப்புறம்தான் அழுதாள். உனக்குச் சொன்னால் அன்றைக்கே அவனை வெட்டக் கிளம்பியிருப்பாய், அதனால் சொல்லவில்லை. உன் அறையில் படுத்துக்கொண்டாள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள், காலையில் புட்டி கழுவ அவளே எழுந்து போவாள். இனி அவனிடம் போகமாட்டாள் என்று நானும் நம்பினேன்.

போன வியாழக்கிழமை துவைக்கிற அறையில் சோப்புத் தூள் எடுக்கப் போனால் அலமாரிக்குப் பின்னால் ஆணியில் ஒரு சிட்டு தொங்குகிறது. சிவப்பு நூல் சுற்றி, வயிற்றில் உப்புத் திணித்து, காலில் அவன் சட்டைப் பொத்தானைக் கட்டியிருக்கிறாள். புருஷன் மனசைத் திருப்ப நம் பெண்கள் செய்கிற வேலை உனக்குத் தெரியும். தானாகச் செத்தது பலிக்காது, தன் கையாலேயே நெரிக்க வேண்டும் என்பார்கள். கேட்டதற்கு, "சண்டையில செத்து விழுந்ததும்மா, நான் ஒண்ணும் பண்ணல" என்றாள். கழுத்து திருகியிருந்ததைக் காட்டினேன். "அவரு பழையபடி வரணும்மா, வேற எனக்கு என்ன வேணும்" என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கேறிக் கை ஓங்கிவிட்டேன். அடி விழுவதற்குள் இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிச் சுவரோரம் குந்திவிட்டாள், அத்தனை பழக்கம். ஓங்கிய கையை வைத்துக்கொண்டு நான் நின்றேன் மகனே.

சனிக்கிழமை மதியம் அவன் வந்தான். டிரக்கைத் தேடித்தான் வந்தான். இவளோ சிட்டு இழுத்து வந்துவிட்டது என்று முகம் மலர்ந்து கொல்லைக்கு ஓடினாள். வாய் திறக்குமுன் அறைந்தான், முடியைப் பிடித்து வேலியில் மோதினான், புட்டிகள் உடைந்து சிதறின, கீழே விழுந்தவளை உதைத்தான். அடுப்பில் சர்க்கரைத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பானையோடு கொண்டுபோய் அவன் கழுத்திலும் முதுகிலும் ஊற்றினேன். வெறும் வெந்நீர் வழிந்து போய்விடும், சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். சட்டையைப் பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. விசாரிக்க வந்த ஷெரிப் ஆபீஸ் போலீஸ்காரன் நம் தெருக்காரன்தான், "கை தவறிக் கொட்டிடுச்சு, அப்படித்தானே பெரியம்மா" என்று வழி சொல்லிக் கொடுத்தான். "இல்லப்பா, குறி பார்த்துத்தான் ஊத்தினேன்" என்றேன்.

அவனோடு ஆம்புலன்சில் ஏறிப் போனது யார் தெரியுமா, உன் அக்கா. உதட்டில் ரத்தம் காயவில்லை, "அவரு என்னைத் தொடவே இல்ல, அம்மாவுக்குத்தான் புத்தி பிசகிடுச்சு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். கோர்ட்டுக்குப் போக எனக்குப் பயமில்லை. அவன் முதுகு ஆறிவிடும், அன்றைக்கு என் கணக்கையும் சேர்த்து அவளிடம் தீர்ப்பான், கொன்றே போடுவான், அதுதான் பயம். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, நீ கூப்பிட்டால் எடுப்பாள். அவனைத் திட்டாதே, திட்டினால் போனை வைத்துவிடுவாள். எனக்காகவும் பரிந்து பேசாதே. உங்கள் மீன் ஆலையில் பெண்களுக்கு வேலை இருக்கிறது என்றாயே, அவன் ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடக்கும்போதே அவளை அங்கே வரவழைத்துக்கொள். அம்மா முகத்தில் இனி விழிக்கமாட்டேன் என்று சொன்னால், ஆமாம் விழிக்காதே என்று நீயும் சொல். என்னை வெறுத்துக்கொண்டே போகட்டும், உயிரோடு போகட்டும்.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஈரக் காலுறையோடு வேலைக்குப் போகாதே. இதைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிடு, என்னை அப்புறம் கூப்பிடலாம்.

உன் அம்மா,
ஓதிலியா