பின்சீட்டில் ஒரு சாண்

மதினி,

இன்று மத்தியானம் எங்கள் வாசலில் ஒரு புது வண்டி வந்து நின்றது. வாங்கிய வண்டி இல்லை. ஓட்டிப் பார்ப்பதற்காக ஷோரூம்காரர்கள் கொண்டுவந்து விட்டது. கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. சீட்டின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை, வெயிலில் காய்ந்த ரெக்சின், கொஞ்சம் பசை. அது எல்லோருக்கும் பிடிக்கிற வாசனை. எனக்கு மட்டும் ஆகாது.

"ஏறிப் பாருங்கம்மா" என்றான் மகன். நடுச்சீட்டை மடக்கச் சொன்னேன். குனிந்து நுழைந்து கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், சீட்டின் விளிம்பில் கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டினேன். முழுக்க நீட்ட இடமில்லை, கண்ணாடி இடித்தது. வருஷங்கள் ஓடிவிட்டன, வண்டியும் வேறு. இந்த அளவு மட்டும் நீங்கள் அளந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

நீங்கள் அளந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணனுக்குத் தறி நன்றாக ஓடிய காலம். கார் வாங்கியே தீருவது என்று திருநெல்வேலிக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான். அண்ணன் தங்கச்சி என்று எங்களுக்கு ஒரே குரல்; ஊரில் நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக் கூடத்தில் மூன்று விதமான வண்டிகள் நின்றன. சின்னதாக ஒன்று, பின்னால் பெட்டி நீண்டது ஒன்று, ஏழு பேர் உட்காரும் பெரியது ஒன்று. அண்ணன் நேராகப் பெரியதிடம் போய்விட்டான். நீங்கள் சின்னதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள்.

"குடும்பம்னா எல்லாரும் ஒண்ணாப் போகணும். ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் சாஸ்தா கோவிலுக்கு வேன் புடிச்சு அலைய முடியுமா?" என்றான் அண்ணன்.

"பங்குனி உத்திரம் வருசத்துல ஒரு நா. மத்த நாளெல்லாம் இந்த யானைய எங்கன திருப்பப் போறீங்க? நம்ம தெருவுல ஆட்டோ வந்தாலே அடுத்த வீட்டுக் கோலத்துல ஏறுது" என்றீர்கள் நீங்கள்.

பிறகு உங்கள் கணக்கைச் சொன்னீர்கள். தினமும் வண்டியில் போகப் போவது நீங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளும் அம்மாவும். சின்ன வண்டியே போதும், டிக்கியில் நாலு சேலைக்கட்டு வைக்கலாம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சந்தைக் கூட்டத்திலும் நுழைந்து வரலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால், அதே சின்ன வண்டியில் கொஞ்சம் உயரமானதாகப் பார்க்கலாம். அண்ணன் காதில் எதுவும் விழவில்லை. அப்போதுதான் நீங்கள் பெரிய வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கையை விரித்தீர்கள். பட்டறையில் சேலை மடிக்கிற பெண்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது, எதைப் பார்த்தாலும் சாண் போட்டுப் பார்ப்பது.

"ஒரு சாண் கூட இல்ல. மண்டைக்குப் பின்னாலயே கண்ணாடி."

"பஸ்ஸுல கடைசி சீட்டுல நீ போனதே இல்லையாக்கும்."

"பஸ்ஸுல சன்னல் தெறக்கும்."

விற்கிற பையன் சிரித்தான். பின்சீட்டு சின்னப் பிள்ளைகளுக்குத்தான் மேடம் என்றான். "சின்னப் பிள்ளைன்னா மண்டை இல்லையா தம்பி?" என்று கேட்டீர்கள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. இறங்கி வந்து என் காதோரம் சொன்னீர்கள்: "எடம் இல்லன்னா யாரும் ஏற மாட்டாவ. எடம் இருக்குன்னு தெரிஞ்சா ஏத்திருவாவ, பாத்துக்கோ." நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அந்தப் பெரிய வண்டிதான் பிடித்திருந்தது.

வண்டி வந்தது. கோவில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். யார் எங்கே உட்கார்வது என்று யாரும் உத்தரவு போடவில்லை. அது தானாக அமைந்துவிட்டது. முன்னால் அண்ணனும், கூட வருகிற ஆம்பிளை யாராவது ஒருவரும். நடுவில் இடதுபக்கக் கதவோரம் அம்மா, அங்கேதான் ஏறி இறங்கச் சுலபம். அம்மாவுக்குப் பக்கத்தில் நான், வீட்டுப் பெண். பின்னால் நீங்கள், வீட்டுக்கு வந்த பெண், உங்களோடு பிள்ளைகள். பின்னால் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் அம்மா இறங்கி, அந்தச் சீட்டை மடக்கி, அதன் பிறகுதான் வழி. நீங்கள் அம்மாவை ஒரு நாளும் இறங்கச் சொன்னதில்லை.

வெளியூர் கிளம்புகிற நாளில் நீங்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். எனக்கு அது தெரியவே வெகுநாள் ஆயிற்று. கேட்டபோது, "நடுவுல எறங்கணும்னா அத்தை எந்திரிக்கணும், சீட்ட மடக்கணும், எல்லாரும் எறங்கி நிக்கணும். எதுக்கு அந்த ஊர்வலம்?" என்று சிரித்தீர்கள். உங்கள் பக்கத்துக் கண்ணாடி திறக்காது. வெளியே நிற்கிறவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உள்ளேயிருந்து விரலால் தட்டி, வாயை மட்டும் அசைப்பீர்கள். தொட்டியில் கிடக்கிற மீன் மாதிரி இருக்கீங்க மதினி என்று நான் கேலி செய்வேன். அதற்கும் சிரிப்பீர்கள். சத்தம் வெளியே கேட்காது.

நீங்கள் சொன்னதுதான் நடந்தது. வண்டியில் இடம் இருக்கிற செய்தி சொந்தக்காரர்களுக்கு எப்படித்தான் போகுமோ. மாசி பிறந்தாலே போன் வரும், "பங்குனி உத்திரத்துக்கு வண்டியில எடம் இருக்கும்லா?" என்று. அண்ணனுக்குப் பெருமை தாங்காது. வாங்க வாங்க என்பான். அந்த வருஷம் பொங்கல் பானை, அரிசி, விறகு, உங்கள் சின்ன அத்தான் குடும்பம் என்று ஏழு பேர் வண்டியில் பத்துப் பேருக்கு மேல் ஏறினோம். உங்கள் மடியில் ஒரு பிள்ளை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பிள்ளைகள், காலடியில் பானை.

கோவிலில் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. திரும்பி வருகையில், சேர்ந்தமரம் ஊருக்கு முன்னால், பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அண்ணன் ரோட்டை ஒட்டியே வண்டியைப் போட்டான். பெரிய வண்டி, உள்ளே இறக்கினால் எடுக்க முடியாது என்றான். எல்லோரும் இறங்கினார்கள். பிள்ளைகள் சீட்டின் மேல் ஏறிக் குதித்து ஓடிவிட்டார்கள். அம்மா மட்டும் கதவோரம் தலையைச் சாய்த்து நல்ல உறக்கத்தில் இருந்தாள்.

"எறங்குதீங்களா மதினி?" என்று கேட்டேன்.

"அத்தை தூங்குதாவ, எழுப்பாண்டாம். எனக்கு ஒரு டீ மட்டும் இங்கன கொண்டாட்டி."

டீயை வாங்கி வந்து, பழக்கத்தில் உங்கள் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினேன். அது திறக்காது என்று இரண்டு பேருக்கும் அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் கையை நடுக்கதவுப் பக்கம் காட்டினீர்கள். அம்மாவின் தலைக்கு மேலாக நீட்டித் தந்துவிடலாம் என்று நான் முன்னால் நகர்ந்து கதவின் பிடியில் கை வைத்தேன். பிடி என் கையைப் பிடுங்கிக்கொண்டு போனது. வண்டி எனக்கு முன்னால் ஓடி, கடையின் ஓலைச்சாய்ப்பில் மோதி நின்றது. அது நின்றிருந்த இடத்தில் கல் ஏற்றிய ஒரு லாரி நின்றது. என் இன்னொரு கையில் டீ இருந்தது.

அதற்குமேல் நான் பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லப் போவதில்லை.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, பிழைத்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். லாரிக்கு பிரேக் இல்லை என்றார்கள், ரோடு சரியில்லை என்றார்கள், உங்களுக்கு நேரம் சரியில்லை என்றார்கள். சாஸ்தாவுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றும் ஒருவர் கண்டுபிடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சீட்டைப் பற்றி ஒருவராவது பேச வேண்டுமே. அம்மா மட்டும், உயிரோடு இருந்தவரைக்கும், படுத்தபடி சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள், "என்ன எழுப்பியிருக்கலாம்லா" என்று.

அண்ணன் வண்டியைச் சரிபண்ணி வந்த விலைக்கு விற்றுவிட்டான். அதன் பிறகு எதையும் ஓட்டவில்லை. நான் அந்த வண்டியை ஒருமுறை பார்த்தேன், மதினி. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில், ரத வீதி முனையில் நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் புதுப் பெயின்ட். வேறு ஏதோ குடும்பம். கடைசி சீட்டில் மடியில் பிள்ளையோடு ஒரு பெண், நெற்றி வியர்த்து, வெளியே ஐஸ் விற்கிறவரைக் கூப்பிடக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. என்ன சொல்லியிருப்பேன்? கூட்டம் விலகி வண்டி போய்விட்டது.

இப்போது என் மகன், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறான். சென்னையில் வேலை, அடுக்குமாடி வீடு, இரண்டு தூணுக்கு நடுவில் வண்டி நிறுத்த ஓர் இடம். வீட்டில் அவனும், அவன் பெண்டாட்டி தனமும், இரண்டு வயதுப் பேத்தியும். இவனும் ஏழு சீட்டு வண்டிதான் எடுப்பானாம்.

"மூணு பேருக்கு ஏழு சீட்டு எதுக்குலே?" என்று கேட்டேன்.

"நீங்க வாரப்ப வேணும்லாம்மா. மாமா வந்தா வேணும். பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் ஒண்ணாப் போலாம்."

நீங்கள் ஷோரூமில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவனுக்குச் சொன்னேன். யானையை எங்கே திருப்புவாய் என்றேன். அதே சின்ன வண்டியில் கொஞ்சம் உயரமானதாகப் பார் என்றேன். அவனுக்கு உங்கள் மேல் உயிர், அது உங்களுக்கே தெரியும். ஆனாலும் சொன்னான், "மாமா வீட்டு அத்தைக்கு நடந்தது லாரிக்காரன் தப்பும்மா. வண்டி என்ன செய்யும்? இப்ப வார வண்டியில ஏர்பேக் எல்லாம் இருக்கு." கடைசி சீட்டுக்குப் பின்னாலயும் இருக்கா என்று கேட்டேன். அவன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். எந்தப் பக்கம் என்று கேட்டான், சேர்ந்தமரம் ரோடு என்று சொன்னேன். அவன் முகம் ஒரு நிமிஷம் மாறியது. இடதுபக்கக் கதவைத் திறந்து நடுச்சீட்டைத் தட்டிக் காட்டினான். "இது உங்க எடம்மா. சாஞ்சு தூங்கிட்டே வரலாம்."

நான் ஏறாமல் கதவைப் பிடித்தபடி நின்றேன், மதினி. அது அம்மாவின் இடம்.

வெளியே நல்ல வெயில். தனத்திடம், "தண்ணி குடிச்சிட்டு வாட்டி" என்று செம்பை நீட்டினேன்.

"வேண்டாம் அத்தை. வந்து குடிச்சிக்கிடுதேன்."

சொல்லிக்கொண்டே அவள் பிள்ளையோடு குனிந்து பின்சீட்டுக்குள் போய்விட்டாள். அவளை யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. அந்த வண்டி வாசலுக்கு வந்து ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை.

"ஏட்டி, எறங்கு" என்றேன். நான் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்துவிட்டது. தனம் இறங்கி நின்று முழித்தாள். செம்பை அவள் கையில் திணித்துக் குடிக்க வைத்து, என்னுடைய இடத்தில் அவளை உட்கார்த்திவிட்டு நான் பின்னால் ஏறினேன். "என்னம்மா இது, தெருவுல பாக்காவ" என்றான் மகன். பார்க்கட்டும் என்றேன்.

அந்த டீக்கடை இப்போது இல்லை. வெறும் திட்டுதான் கிடக்கிறது. அதைத் தாண்டும்போது ஒரு லாரி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அதன் நிழல் என் தோளைத் தாண்டி, தனத்தின் சீட்டு வரை வந்து விழுந்தது. கண்ணாடி மெல்ல அதிர ஆரம்பித்தது. நீங்கள் இதைத்தான் ஒவ்வொரு பயணத்திலும் கேட்டுக்கொண்டு வந்தீர்களா? எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே. முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியில் மகனின் கண் என்னையே பார்த்தது. வண்டியை ஓரம்கட்டி லாரிக்கு வழிவிட்டான். திரும்பி வரும்வரை அவன் பாட்டுப் போடவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

வாசலில் வந்து இறங்கியதும் ஷோரூம் பையன் என்ன கலர் என்று கேட்டான். மகன் என் முகத்தைப் பார்க்காமல் வெள்ளை என்றான்.

அப்போதே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "பின்சீட்டு என்னோடது. எந்த ஊருக்குப் போனாலும், எவன் வந்தாலும் சரி. தனமும் பிள்ளையும் நடுவுல. மாத்தி உக்காரச் சொன்னா வண்டி இந்த வாசல விட்டு நகராது." மகன் நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தான். தனம் சிரிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்தது. உங்கள் சின்ன அத்தான்தான். புது வண்டி எடுக்கீங்களாமே, சந்தோசம் என்றார். அப்புறம், பங்குனி உத்திரத்துக்கு எடம் இருக்கும்லா என்றார். மகன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வாங்க மாமா" என்றான்.

நீங்கள் விட்டுப்போன சேலைகளில் ஒன்று கூட என்னிடம் இல்லை, மதினி. உங்கள் சாண் மட்டும்தான் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று தனம் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் கதவோரம் உட்காருவாள். வேண்டுகிற இடத்தில் நிறுத்தி இறங்கிக்கொள்வாள். நான் பின்னால் இருப்பேன், மடியில் எந்தப் பிள்ளையையும் வைத்துக்கொள்ளாமல். தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விரித்து வைத்திருப்பேன். கண்ணாடி அதிர்ந்தால் என் சுண்டுவிரலுக்குத்தான் முதலில் தெரியும்.