கேமராவுக்குப் பின்னால் நின்றவனுக்கு

மக்கா,

உன் கேமராப் பை இப்போது என் மைக் செட் கடையில், பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே இருக்கிறது. உன் வீட்டுக்காரிதான் கொடுத்தனுப்பினாள். இன்று காலை ஜிப்பைத் திறந்தேன். கடை முழுக்க நீலகிரித் தைலம் மணத்தது. கேமராவுக்கு அண்டக்கொடுத்து வலது தோளில் மடித்துப் போடுவாயே, அந்த மஞ்சள் துண்டு அப்படியே இருக்கிறது. நாற்பது கிலோ கேமராவை நீ ஆயுசு முழுக்கச் சுமந்தாய் என்று எழுத வந்தேன். "பாதியாக் குறைல" என்று உன் சத்தம் கேட்டது. சரி, இருபது. அதையும் குறைக்கச் சொல்வாய். கனமான கேமரா, விடு.

என் கதைகளைக் குறைக்க இந்த ஊரில் நீ ஒருத்தன்தான் இருந்தாய். கல்யாணப் படத்தை வெட்டுகிற மாதிரியே என் பேச்சையும் வெட்டுவாய். நீ போன பிறகு வெட்ட ஆளில்லாமல் நான் விட்ட ஒரு பீலா என்னைத் தூங்கவிடவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னிடமிருந்து விடுதலை கொடுத்தவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

என் அக்கா மகன் முத்துராஜ் கூட்டாளிகளோடு ராக் பேண்டு ஆரம்பித்ததை நினைத்துப் பார்க்கிறேன். கடலிலிருந்து வருகிற காற்றின் பேரைச் சொல்லி, 'கொண்டல்' என்று பெயர் வைத்தது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் அது செல்லாது. வைத்தது நீ.

முதல் பாட்டுக்குப் பனிமலை வேண்டும் என்றான்கள். "தூத்துக்குடிக்காரனுக்கு எதுக்குல காஷ்மீரு? உப்பளம் கிடக்குல்லா" என்றாய். மண்டையைப் பிளக்கிற வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உப்புக் குவியல்மேல் நின்று பையன்கள் குளிரில் நடுங்கினார்கள். சாயங்காலத்துக்குள் கிட்டார் கம்பியெல்லாம் துருப்பிடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. (அடுத்த வாரம் லேசாகத் துரு ஏறியிருந்தது.) நான் கறுப்புக் கண்ணாடி போட்டு, குவியலின் உச்சியில் ஏறி ஒரு சரணம் முழுக்க ஆடினேன். ஜெனரேட்டர் என்னுடையது, வேன் என்னுடையது. ஆட்டம் மட்டும் அடுத்தவனுடையதா?

நீ அதைக் கல்யாண வீடியோவாகவே வெட்டித் தந்தாய். முத்துராஜின் முகம் ஒரு ஹார்ட்டினுக்குள் சுழன்றது. டிரம்ஸ் அடிக்கிறவன் தலையில் ரோஜா இதழ் கொட்டியது. கடைசியில் வேன் டிரைவர், டீ கொண்டுவந்தவர், உப்பு வாருகிற பெண்கள் என்று வந்த அத்தனை பேர் முகமும் வரிசையாக வந்தது. முத்துராஜ் தலையில் கைவைத்தான்.

"அண்ணாச்சி, இது ராக்கு. பந்தி இல்ல."

"இருக்கட்டும் தம்பி. வந்தவங்க மூஞ்சி ஒண்ணு விடப்பிடாது. நாளைக்குப் போட்டுப் பாத்துட்டு, 'நான் எங்க'ன்னு ஒருத்தரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அதுதான் உன் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. கேமராவைத் தூக்கியதும் எங்கள் சனம் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி விறைத்துவிடும். நீ கேமராவுக்குப் பக்கவாட்டில் முகத்தை நீட்டி, "கேமராவப் பாக்காதிய, என்னயப் பாருங்க" என்பாய். கூடவே ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பாய். என்னிடம், "ஏலே, உன் தொப்பைக்குத் தனியா ஒரு லைட்டு கட்டணும்ல" என்பாய். அந்தச் சிரிப்பைத்தான் பிடிப்பாய்.

அடுத்த பாட்டு தருவைகுளத்துக் கடலில், படகில். புகை மெஷினை நான் கொண்டுவந்தேன். கொஞ்சம் தாராளமாகத் திருகிவிட்டேன். பாடகனைக் காணோம், படகையும் காணோம். கரையில் நின்றவர்கள் படகில் தீப்பிடித்துவிட்டது என்று பதறி, காப்பாற்ற வள்ளங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பத்து வள்ளம். சரி, இரண்டு.

"ஏலே, பாட்டுப் படிக்கதுக்கு நடுக்கடலுக்கா வருவிய? கூறுகெட்ட பயலுவளா! நாங்க வலையப் போட்டுட்டு ஓடி வாரோம்" என்று முன்னால் வந்த பெரியவர் கத்தினார். நாங்களெல்லாம் தலைகுனிந்து நிற்க, நீ மட்டும் கேமராவை இறக்கவில்லை.

பாட்டின் உச்சத்தில், கிட்டார் அலறுகிற இடத்தில், அந்தப் பெரியவரின் முகத்தை வைத்தாய். கோபம் அடங்கி, பையன்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் வாய் லேசாகக் கோணுகிறதே, அதுவரைக்கும் விட்டாய். முத்துராஜ் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். "அண்ணாச்சி, இனி ரோசாப்பூ வேண்டாம்" என்றான். "எனக்கும் அதாம்ப்பா தோணுது" என்றாய் நீ.

அதன்பின் ஒவ்வொரு வீடியோவிலும் ஏதாவது ஒன்று உதிர்ந்தது. முதலில் ஹார்ட்டின் போனது, பிறகு ஜாக்கெட், பிறகு புகை. பையன்களும் குதிப்பதை விட்டுவிட்டு நின்று வாசிக்கப் பழகினார்கள். என் ஆட்டமும் உதிர்ந்தது. சரணம் பல்லவியாகி, பல்லவி ஒரு வரியாகி, ஒரு வீடியோவில் டீக்கடையில் தம்ளர் பிடித்திருக்கிற கை மட்டும் என்னுடையது. அந்தக் கைக்குத்தான் ஆயிரக்கணக்கில் லைக் விழுந்தது என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய்.

கடைசி வீடியோவுக்கு மறுபடி அதே உப்பளம். "அன்னைக்குப் பனின்னு ஏமாத்துனோம். இன்னைக்கு உப்ப உப்பாவே எடுங்க அண்ணாச்சி" என்றான் முத்துராஜ். விடிகிற நேரம். பையன்கள் வீட்டுச் சட்டையோடு நின்று வாசித்தார்கள். பின்னால் பெண்கள் அவர்கள் பாட்டுக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் வாசித்தது முழுக்க ஒரே ஷாட். முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"மக்கா, ஒருக்கா நீ இதப் பிடியேன். நானும் பயலுவ கூடப் போய் நிக்கேன்."

நான் என் காட்சிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். "வெளிச்சம் ஏறிரும்ல. என்னைய எடுத்து முடி. நீ அடுத்த பாட்டுக்கு நில்லு" என்றேன்.

"அதுவுஞ் சரிதான்" என்று கேமராவைத் திரும்பத் தோளில் ஏற்றினாய்.

அடுத்த பாட்டுக்கு நீ இல்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் வழியிலேயே திரும்பினார்கள்.

இப்போது பையன்கள் உனக்காக ஒரு பாட்டுப் போட்டிருக்கிறார்கள். நீ நடமாடுகிற ஒரு காட்சி வேண்டும் என்று உன் வீட்டில் வைத்து முத்துராஜ் கேட்டான். சுற்றிலும் ஆள் நின்றது. ஆள் நின்றால் என் வாய் நிற்குமா? "அவன் படமா? என்கிட்ட பெட்டி பெட்டியாக் கிடக்குடே. நானே கைப்பட எடுத்தது" என்றேன். இதுதான் அந்தப் பீலா. உன் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "சிரிச்ச மாதிரி இருக்கா அண்ணே? பாத்தா போதும்" என்றாள். இருக்கிறது என்று தலையாட்டினேன்.

எல்லா டேப்பையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன் மக்கா. வேன் டிரைவர் இருக்கிறார். டீக்காரர் இருக்கிறார். எங்கும் நான் இருக்கிறேன், தொப்பையோடு. நீ இல்லை. மற்றவர்கள் செல்போனில் எடுத்ததிலும் கேமராதான் இருக்கிறது. முகம் அதற்குப் பின்னால். சுவரில் மாட்டியிருக்கிற படத்தைக் காட்டினேன். "அது ஆதார் கார்டுப் படம் மாமா. அதுல அவரு அண்ணாச்சியே இல்ல" என்றான் முத்துராஜ். வந்தவர்கள் முகம் ஒன்றையும் விடாதவனின் முகத்தை நாங்கள் விட்டுவிட்டோம். விட்டது நான்.

நேற்று முத்துராஜிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவான் என்று நின்றேன். அவன் என்னைக் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்த்தி, எல்லா வீடியோவிலிருந்தும் எடுத்த துண்டுகளை ஓட்டினான். உப்பளத்துப் பெண்கள். வள்ளத்துப் பெரியவர். டிரைவர். பையன்கள், மீசை முளைக்காத காலம் தொட்டு. ஒருத்தரும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் முகம் மலர்கிறது.

"அண்ணாச்சியத்தான் பாக்காங்க" என்றான்.

கடைசியில் நான். அன்றைக்கு உப்பளத்தில் கடைசியாக எடுத்து, நீ வெட்டி எறிந்த துண்டு. முடிந்த வீடியோவில் என் முதுகுதான் வந்தது. இதில் சீவிய தலையோடு உன்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறேன். ரொம்ப நேரம் சிரிக்கிறேன். என்னால் பார்க்க முடியவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னேன்: "மருமவனே, என் ஷாட்டக் குறைச்சிருடே."

"குறைச்சா அண்ணாச்சி தெரிய மாட்டாரு மாமா" என்றான்.

உன் வீட்டுக்காரியிடம் நாளைக்குப் போக வேண்டும். சிரித்த படம் என்னிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு இதைப் போட்டுக் காட்ட வேண்டும். பையிலிருந்த மஞ்சள் துண்டை மட்டும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. காலையிலிருந்து என் வலது தோளில்தான் கிடக்கிறது. துண்டுக்கு ஒரு கனமும் இல்லை என்றுதான் நீ சொல்வாய். இதைக் குறைக்க மாட்டேன் மக்கா. நாற்பது கிலோ.