கோடு விழாத பூட்ஸ்

ஜூலை 14, 2003. திங்கள்

காலையிலிருந்தே பேய்க்காற்று. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் குடை மடங்கிக் கம்பி ஒடிந்தது.

யுனிவர்சிட்டியில் புது இன்டோர் ஸ்டேடியத்தை இன்று எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே முழுக்க மரத்தரை. ஷட்டில் கோர்ட், வாலிபால் நெட், கோடியில் மூன்று டேபிள் டென்னிஸ் மேஜை. இத்தனை நாள் ஹாஸ்டல் மெஸ் மூலையில், சிமென்ட் தரையில்தான் டேபிள் டென்னிஸ் ஆட்டம். அங்கே பாதிப் பேரை ஜெயித்திருக்கிறேன்.

வாசலில் வாட்ச்மேன் அண்ணன் தடுத்தார். "அம்மிணி, கோச்சுக்காதீங்க. இந்த பூட்ஸோட உள்ள போகக் கூடாதுங்க. தரைல கோடு விழுந்துருமுங்க."

மற்றவர்கள் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினார்கள். எனக்கு இடது கால் போலியோ. காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரும் பூட்ஸும் ஒரே சட்டம். கழற்றினால் நிற்க முடியாது.

கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். எரிச்சல். பஸ்ஸிலும் எரிச்சல்.

ஜூலை 15, செவ்வாய்

பி.டி. சாரைப் பார்த்தேன். நல்லவர். பயந்தவர்.

"உனக்கு மட்டும் ஒரு டேபிள வராண்டாவுல போடச் சொல்றம்மா."

இந்தக் காற்றில் பந்து எங்கே நிற்கும்?

"டீம் செலக்‌ஷன் எங்கீங்க சார்?"

"உள்ளதாம்மா. அடுத்த வியாழன்."

"அப்ப நானும் உள்ளயே ஆடறனுங்க."

"ஒரு கீறல் விழுந்தாலும் என்னையத்தாம்மா கேப்பாங்க."

"கீறல் விழாத பூட்ஸ் போட்டுட்டு வந்தா?"

சார் என் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். "வா. பாக்கலாம்."

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, என்னிடம் அப்படி ஒரு பூட்ஸே இல்லை.

ஜூலை 17, வியாழன்

நேற்று ஜெபாவிடம் புலம்பினேன். கிளாஸ்மேட். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த குடும்பம். "ஏட்டி, எங்க அண்ணனோட பழைய ஷட்டில் ஷூ சும்மாதான் கெடக்கு. அடிய அறுத்து ஒட்டிருவோம். அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

இன்று ஷூவைக் கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டு செருப்புக்காரர் அதன் அடியை என் இடது பூட்ஸில் ஒட்டித் தைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நடந்தால் இடது கால் உயர்ந்துவிட்டது. இடுப்பில் சுருக். அடுப்படி வாசலில் விழுந்தேன்.

அம்மா அப்போதுதான் பனியன் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். "போதும் சாமி. படிக்கப் போற, படிச்சுட்டு வா. இன்னொரு காலையும் ஒடிச்சுக்கிட்டு வரோணுமா?"

பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சண்டை போட்டால் அழுவாள்.

ஜூலை 19, சனி

மறுபடி செருப்புக்காரர். ஆணி அடித்த பழைய குதியை எடுத்துவிட்டு ஒட்டச் சொன்னேன். உயரம் சரி. இடுப்பு பரவாயில்லை. திரும்பும்போது மட்டும் பிடிப்பு அதிகம், கால் நின்றுவிடுகிறது. பழக வேண்டும். ஷாம்பு வாங்க மறந்தேன்.

ஜூலை 21, திங்கள்

ஸ்டேடியத்துக்குள் போய்விட்டேன்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கச் சொன்னார் சார். பின்னாலேயே வாட்ச்மேன் அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். "ஒண்ணுமில்லீங்க சார், சுத்தமா இருக்குது."

சார் காலிப்பரைக் காட்டினார். "விழுந்தீன்னா இந்த இரும்பு படுமேம்மா."

விழ மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "விழுவேனுங்க சார். எல்லாரும் விழுவாங்க. இரும்புக்கு ஏதாச்சும் சுத்திக்கறேன்."

வீட்டில் பழைய துண்டைச் சுற்றிப் பார்த்தேன். நழுவுகிறது.

ஜூலை 22, செவ்வாய்

அம்மா கம்பெனியில் கேட்டு, வெட்டு மிஞ்சிய தடித்த பனியன் துணி கொண்டு வந்தாள். இரண்டு மடிப்பு, மேலும் கீழும் எலாஸ்டிக். இரும்பு முழுக்க மூடும் உறை. போட்டுப் பார்த்து, முழங்கால் மடங்கவில்லை என்று பிரித்து மறுபடி தைத்தாள்.

"ஊட்டுல விழுந்தா நாந் தூக்குவேன். அங்க யாரு இருக்கா?" நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்.

நானே எழுந்துகொள்வேன் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நூலைக் கோத்தாள்.

ஜூலை 24, வியாழன்

ஆறு பேர் ஆடினோம். நாலு பேருக்கு இடம்.

முதல் ஆட்டம் தோல்வி. கால் ஒட்டிக்கொண்டு திரும்பவே இல்லை. அடுத்த மூன்றும் ஜெயித்தேன்.

கடைசியில் கவிதா அக்கா. சீனியர். வழக்கமாக எல்லோரும் பாவம் பார்த்துப் பந்தை என் கைக்கே போடுவார்கள். அக்கா போடவில்லை. இடது ஓரம். நெட்டுக்குப் பக்கம். மறுபடி இடது ஓரம்.

"வேணும்னே ஓட விடுதா!" ஜெபா கத்தினாள்.

எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். ஓடினேன். விழுந்தேன். வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்தார். தரையைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன்.

"அடி பட்டுருச்சுங்களா அம்மிணி?" கை நீட்டினார்.

"இல்லீங்கண்ணா." மேஜைக் காலைப் பிடித்து எழுந்தேன். சர்வீஸ் என்னுடையது.

தோற்றுவிட்டேன். ஆனால் ஐந்தாவது கேம் வரை இழுத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

நோட்டீஸ் போர்டில் மூன்றாவது பெயர் என்னுடையது. ஜெபா என் கையைக் கிள்ளியே சிவக்க வைத்தாள். அம்மாவின் கேள்விகள்: மேட்ச் எந்த ஊரு, எத்தன நாளு, கூட யாரு?

கவிதா அக்கா கேன்டீனில் பிடித்துக்கொண்டாள். "லெப்ட்ல வர்ற பந்துக்கு நீ ரொம்ப லேட்டு. திங்கக்கிழமை காலைல வா. நூறு பந்து அங்கயே போடறேன்."

"இருநூறு போடுங்கக்கா."

திங்களன்று முதல் பஸ்ஸையே பிடிக்க வேண்டும்.