பதினோராவது ஆட்டத்துக்கு முன்

நெப்ராஸ்கா
திங்கட்கிழமை

அன்பு மகன் கோல்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இருந்தாக வேண்டும்.

போன் திரையைப் பார்க்கக் கூடாது என்று உங்கள் கல்லூரி ஃபுட்பால் அணி டாக்டர் சொன்னதால்தான் இத்தனை வருடம் கழித்துப் பேனாவைத் தொட்டிருக்கிறேன். வாசித்தால் எழுத்து நகர்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதனால் பெரிது பெரிதாக எழுதுகிறேன். மெதுவாகப் படி. உன் அறையில் இருக்கிறானே டெரல், அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அவனுக்கு நாக்கு நீளம். நீ காலுறையை ஃப்ரிட்ஜுக்குள் வைத்ததை அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னவன் அவன்தான்.

சோளம் அறுத்து முடித்துவிட்டோம். விளைச்சல் பரவாயில்லை. மழை பெய்யுமோ என்ற கவலை விட்டது; உங்கள் அணியைப் பற்றிய கவலைதான் மிச்சம். பத்து ஆட்டம், பத்துத் தோல்வி. நான் அதே சட்டை போட்டு ஆடிய காலத்திலும் தோற்றிருக்கிறோம். ஆனால் ஒரு வருடத்தில் ஒன்றுகூட ஜெயிக்காத அணி என்று எங்களை யாரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார், "நம்பிக்கை இழந்தவங்களுக்காக ஜெபிப்போம், முக்கியமா அந்தப் பந்து பிடிக்கிற பசங்களுக்காக"ன்னார். கோயிலே சிரித்தது. பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

போன சனிக்கிழமை நீ செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டி விழுந்தாய், சரி. அது ஆட்டத்தில் உள்ளதுதான். எழுந்தவன் நேராகப் போய் எதிரணிக்காரர்கள் கூடிப் பேசும் வட்டத்தில் நின்றாய். அவர்களில் ஒருவன் உன் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும்வரை நின்றாய். மேலே உட்கார்ந்திருந்த எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்று காலை தானியக் கிடங்கில் காபி குடிக்கப் போனால் பக்கத்துப் பண்ணை வேய்ன் ஆரம்பித்துவிட்டான்: "ஏம்பா வெர்ன், அந்த டீம்லயே உன் பையன் ஒருத்தனுக்குத்தான் மூளை இருக்கு. ஜெயிக்கிற பக்கமாப் பாத்துப் போய் நின்னான் பாரு!" நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

தலைவலி பெரிய விஷயம் இல்லை. எனக்கு முப்பது வருடமாக வலிக்கிறது, நான் டிராக்டர் ஓட்டவில்லையா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் சீசன் தொடங்கும் முன் உங்கள் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்களே, வார்த்தைகளை ஞாபகம் வை, படங்களைப் பொருத்து என்று? வேண்டுமென்றே தப்பாகப் போடு என்று நான் அன்றே சொன்னேன். அடிபட்டபின் மறுபடி சோதித்துப் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். பழையதே மட்டமாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. ஏழாவது ஆட்டத்தில் அடிபட்டும் அடுத்த வாரமே நீ களத்தில் இருந்தது அந்தப் புத்தியால்தான். மற்ற அப்பன்களுக்கு இது தோன்றியிருக்குமா?

இதற்குள் உன் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். என்னைக் கேட்காமல் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் சற்று முன் திரும்பக் கூப்பிட்டார். நல்லவேளை, நான் எடுத்தேன். "ஆகஸ்ட்ல உங்க பையன் மதிப்பெண் ரொம்பக் கம்மி. பள்ளிக்கூடத்துல நல்லாப் படிச்சவனாச்சே, அன்னைக்கு வேணும்னே தப்பாப் போட்டானா?"ன்னு கேட்டார். அம்மா எதிரிலேயே நின்றிருந்தாள். நான் சொன்னேன்: "இல்ல டாக்டர், அவன் சின்ன வயசுலேருந்தே கொஞ்சம் மந்தம். நாங்கதான் வெளிய சொல்லிக்கிறதில்ல."

அம்மா நேரே போய், நீ மாவட்டக் கணக்குப் போட்டியில் வாங்கிய கேடயத்தைச் சுவரிலிருந்து எடுத்து மேசையில் என் முன்னால் வைத்தாள். கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகட்டும், சனிக்கிழமை சரியாகிவிடுவாள்.

சனிக்கிழமை உன்னைப் போன்ற நான்காம் ஆண்டுப் பையன்கள் பெற்றோரோடு களத்தில் நடந்து வரும் நாள். எதிரணியும் நோஞ்சான்கள்தான், இந்த வருடம் ஜெயிக்க முடிந்த ஒரே ஆட்டம் இதுதான். சாதாரண உடுப்பில் ஓரமாக நிற்கும் மகனோடு என்னால் நடக்க முடியாது, கோல்பி. ஊர் முழுக்க வந்து உட்கார்ந்திருக்கும்.

வியாழக்கிழமை டாக்டர் உன்னைச் சோதிக்கும்போது அதையே உன்னிடமும் கேட்பார். வேண்டுமென்றே தப்பாகப் போடவில்லை, நான் எப்போதுமே இப்படித்தான் என்று சொல். கணக்குப் போட்டியைப் பற்றி வாயைத் திறக்காதே. அப்பா என்ன சொல்லச் சொன்னார் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராமல் போகலாம். உள்ளங்கையில் எழுதிக்கொள். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

வயிறு நிறையச் சாப்பிடு. ஆண்டவர் உன் பக்கம் இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம்வரை மட்டும் நான் சொன்ன மந்தமான பையனாக இரு. அதற்குப் பிறகு நீ பழையபடி கெட்டிக்காரனாகிவிடு, மகனே.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா