பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

தினமும் என் ஜெபத்தில் முதல் ஆளாக வந்து நிற்கும் தம்பிக்கு, அக்கா அன்போடு எழுதுவது.

இங்கே எல்லாரும் ஆண்டவர் கிருபையால் சுகம் என்று எழுதிவிட்டு, அந்த வரியை இப்போதுதான் அடித்தேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உனக்கே தெரியும். சுகமில்லை. உன் மனைவிக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. திங்கட்கிழமை செக்கப்புக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ஏழாம் மாசத்துல இது நல்லதில்லம்மா, மனசுல என்னத்தப் போட்டு அழுத்திக்கிட்டு இருக்கீங்க" என்று கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்று சிரித்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மனதில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அதைப் போட்டதே நான்தான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவேன். நீயும் ஆமென் சொல்லி வைத்துவிடுவாய். நம் வீட்டில் எல்லாருக்கும் அது கைவந்த கலை. அப்பா போன அன்று நான் உனக்குப் போன் பண்ணி, "அப்பா இளைப்பாறிட்டாங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நீ, "நல்லா தூங்கட்டும்க்கா, எழுப்பாத, சாயங்காலம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். செத்துப்போனார் என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஆனது. தாளில் அப்படி நழுவ முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த வெல்டருக்கு லீவு முடிகிறது. நாளைக் காலை கிளம்புகிறார். சனிக்கிழமை உன் அறைக்கே வந்து இதைக் கையில் கொடுப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நீ அவளுக்குப் போன் பண்ணுவதற்குள் இதை முழுக்கப் படித்துவிடு.

நீ செய்யச் சொன்னதை நான் செய்யவில்லை. உன் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். அந்தக் கடிதத்தில் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு வரிகூடப் படிப்பதற்கு முன்னாலேயே உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிட்டது. பிரஸ் மிஷின், வலது கை, மூன்று விரல். ஏற்கெனவே ஒன்று கலைந்து போயிருக்கிறது, பிள்ளை பிறக்கிற வரைக்கும் அவளுக்குத் தெரியக்கூடாது, போன் கேமரா கெட்டுப்போச்சு என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீ யாரிடமும் மூச்சு விடாதே என்று எழுதியிருந்தாய். இடது கையால் அத்தனை வரி எழுத உனக்கு எத்தனை நாள் ஆனதோ.

பதின்மூன்று நாள் மூச்சு விடவில்லை. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டே மனதுக்குள் அழுதேன். உள்ளே டாக்டர் எல்லாரையும் வாயைத் திற, வாயைத் திற என்பார். வாயை மூடு என்று எனக்குச் சொல்லத்தான் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

போன வாரம் புதன்கிழமை நம் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். பதினோரு பேர் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் ஜெபக்குறிப்பைச் சொல்லி வர, என் முறை வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். வழக்கம்போல முட்டிவலி என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாருன்னு பேரு சொல்ல மாட்டேன், ஆண்டவருக்குத் தெரியும். ஒரு சகோதரன், தூரத்துல, மிஷின்ல கை மாட்டிருச்சு. சம்சாரம் புள்ளத்தாச்சி. அவளுக்கு இன்னும் தெரியாது" என்று சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை என்பதால் அது பாவமில்லை என்று அந்த நேரத்தில் நிஜமாகவே நம்பினேன். எல்லாரும் ஐயோ என்று முன்னால் சாய்ந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

அவள் வேலை செய்யும் தையல் கடையில் அன்றைக்குக் கரண்டு இல்லை. ஏழு மணிக்கு வருகிறவள் ஆறு மணிக்கே வந்து, கூட்டத்தைக் கலைக்க வேண்டாமென்று பின்வாசல் வழியாக அடுக்களைக்குள் போய், எங்களுக்கு டீ போட்டிருக்கிறாள். முன்னறையில் பேசுவது அங்கே அப்படியே கேட்கும். அவள் வந்தது எனக்குத் தெரியாது.

நம் ஸ்தோத்திர அக்காவை உனக்குத் தெரியும். மூச்சுக்கு முந்நூறு ஸ்தோத்திரம். அவர்தான் அந்தக் குறிப்புக்கு ஜெபித்தார். நல்ல மனசு, ஆனால் ஜெபத்தில் இறங்கிவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "ஆண்டவரே, அந்தத் தம்பியத் தொடும், அவனோட அக்கா இந்த இடத்துல வடிக்கிற கண்ணீரப் பாரும்" என்றார். நான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். அடுக்களை வாசலில் டீத் தட்டோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். பத்துப் பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். திறந்திருந்தது நானும் அவளும்தான்.

தட்டு கொஞ்சம் ஆடியது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு, கடைசிப் பாயில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள். எழுந்து எல்லாருக்கும் டீ கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன். "ஸ்தோத்திரம் அண்ணி", "சாப்பிட்டீங்களா அண்ணி", "கர்த்தர் பாத்துக்குவார் அண்ணி". மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். கூட்டத்துக்கு வந்தவர்கள் சும்மா இருக்கிறார்களா? வரிசையாக ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஒருத்தி, "கைதானே போச்சு, உசுரு இருக்கே, ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்றாள். இன்னொருத்தி, இதில் ஒரு நோக்கம் இருக்கும் என்று விளக்கம் கொடுத்துவிட்டுப் போனாள். இதையெல்லாம் நானும் எத்தனை வீடுகளில் போய்ச் சொல்லியிருக்கிறேன். கேட்கிற இடத்தில் நின்று பார்த்ததில்லை. பாஸ்டரம்மா மட்டும் வந்து, கட்டிலில் குவிந்து கிடந்த துணியை மடித்து அடுக்கிவிட்டு, அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. அன்று மத்தியானம்தான் அவள் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். அவள் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். நீ வெயிலைப் பற்றிச் சொன்னாய். ஷிஃப்ட் நல்லா போகுது, ஸ்தோத்திரம் என்றாய். "வேற ஏதாவது சொல்லணுமாங்க" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். நீ கவனிக்கவில்லை. "வேற என்ன, ஆண்டவர் நல்லவர்" என்றாய். அவளும் ஆமா நல்லவர் என்று சொல்லி வைத்தாள். மறுநாள்தான் பிரஷர் ஏறியது. நீ எதற்குப் பயந்து மறைத்தாயோ, மறைத்ததால் அது நடந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள். "எந்தக் கை அண்ணி?" என்று கேட்டாள். என் வாய்க்கு வேறு பழக்கம் கிடையாது. "எல்லாத்தையும் ஆண்டவர் பாத்துக்குவார்மா" என்றேன். அதற்கு அவள், "அவர் பாத்துக்குவார், அது எனக்குத் தெரியும். நான் உங்ககிட்டதான் கேட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. என் முகத்தில் அறைந்தது போல இருந்தது. வலது கை என்றேன். எத்தனை விரல் என்று அவள் கேட்கவில்லை. "மிச்சத்த உங்க தம்பி சொல்லட்டும். அவர் வாயால சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றாள். அதற்கப்புறம் என்ன செய்வாள் என்று நானும் கேட்கவில்லை. அவள் அம்மா வீட்டுக்கு எடுத்துப்போகும் பெரிய பை பரணில் இருந்து இறங்கிக் கட்டிலுக்கு அடியில் வந்திருக்கிறது.

நேற்றைய கூட்டத்தில் என் முறை வந்தபோது, போன வாரம் நான் சொன்னது ஜெபக்குறிப்பு இல்லை, கோள் என்று சொன்னேன். அவள் முன்னால் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஸ்தோத்திர அக்கா தலை குனிந்துகொண்டார். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அக்கா என்று பார்க்காதே. ஆனால் திட்டுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் வைத்துக்கொள்.

டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லியும் கேட்காமல், செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து வீட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து போகச் சொல்லியும் கேட்கவில்லை. இன்று காலை அவள் அறையைப் பெருக்கப் போனபோது தரையில் வெட்டிப்போட்ட வெல்க்ரோ துண்டுகளும், ஜன்னல் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் ஏழு வெள்ளைப் பட்டனும் கிடந்தன. உன் நீலச் சட்டையின் பட்டன்கள். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து, மடித்த சட்டையை என்னிடம் நீட்டி, "இத வெல்டர் அண்ணன்கிட்ட குடுத்து விடுங்க. இதப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க அண்ணி" என்றாள்.

அதனால் நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. இந்த ஒரு தடவையாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொள்கிறேன். பார்சலைப் பிரித்துச் சட்டையைப் போட்டுப் பார். யாரையும் உதவிக்குக் கூப்பிடாதே. இடது கையால் மட்டும் போட்டுப் பார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டையோடு அவளுக்குப் போன் பண்ணு. கேமராவைப் போடு. வாயைத் திறந்ததும் ஸ்தோத்திரம் சொல்லாதே தம்பி, முதலில் கையைக் காட்டு. ஸ்தோத்திரத்தை நான் இங்கே உனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். சத்தம் வராமல்.

உன் மூன்று விரலுக்காகவும் மீதி இரண்டு விரலுக்காகவும் முழங்காலில் நிற்கும்,
அக்கா