விவசாயி என்று அச்சான புத்தகம்

உடன்குடி
9-9-1975

அன்பு மகள் ஜெயசெல்விக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஹெப்சிபாவும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர மனது சரியில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, ஆனால் இரண்டு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுகிறாள். எல்லாம் இந்தக் கடிதத்தோடு வரும் புத்தகத்தால்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியதை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவரவர் குடும்பத்து முன்னோரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம், ஹெப்சிபா எழுந்து நின்று சொல்ல ஒன்றும் தெரியாமல் அழுதாளாம், இங்கே கதைப்புத்தகத்தில் எல்லாம் பூனைக்கண் பிள்ளைகள்தான், என் பிள்ளை முகஜாடையில் ஒரு பிள்ளையாவது இருக்கிற புத்தகம் அனுப்புங்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். தூத்துக்குடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ராஜகுமாரன் இருக்கிறான், நரி இருக்கிறது, நம் செம்மணல் தேரிக்காட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன். உன் தாத்தா தளைநாரைக் காலில் மாட்டிப் பனையில் ஏறுவதும், உச்சியிலிருந்து கடலைப் பார்த்து, ஏளா இன்னைக்கு எட்டுத் தோணி தூத்துக்குடிக்குப் போவுது என்று கீழே நிற்கும் உனக்குக் கூவிச் சொல்வதும்தான் கதை. எழுதும்போது பலநாள் அழுதேன், அது உனக்குத் தெரியட்டும்.

ஏன் அழுதேன் என்று உனக்குத்தான் புரியும். நீ ஐந்தாம் வகுப்பில் என் தாத்தா என்று கட்டுரை எழுதினாய், முதல் வரியே என் தாத்தா ஒரு பனையேறி என்று இருந்தது. தலைமையாசிரியர் மகள் நோட்டில் இப்படியா என்று நான் அதை அடித்துவிட்டு விவசாயி என்று சிவப்பு மையில் எழுதினேன். நீ அதையே தாத்தாவிடம் உரக்க வாசித்துக் காட்டினாய். நமக்கு ஏதுளா வயலு என்று மட்டும் கேட்டார், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷமே போய்விட்டார். அந்தப் பாவத்தை இந்தப் புத்தகத்தில் கழுவிவிடலாம் என்று நினைத்தேன் மகளே.

தூத்துக்குடியில் சிறுவர் புத்தகக் குழு ஒன்று இருக்கிறது, அதன் செயலாளர் செல்வதுரை நமக்குத் தெரிந்தவர்தான், அவர் அப்பாவும் உன் தாத்தாவும் ஒரே காட்டில் பனை ஏறியவர்கள். ஐந்நூறு பிரதி போட்டு நம் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் கொடுப்பதாகச் சொன்னார். அண்ணாச்சி, கத நல்லாத்தான் இருக்கு, ஆனா பனையேறின்னு எதுக்கு, நம்ம பிள்ளைக தலை நிமிந்து படிக்கணும்லா, விவசாயின்னு போட்டுருவோம், மரம் ஏறுத இடத்தையும் எடுத்துருவோம், தாத்தா வரப்புல நின்னு தோணியப் பாக்கட்டும் என்றார். வயல் வரப்பில் நின்றால் கடல் எங்கே தெரியும். அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கேட்கவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், தலையாட்டியபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அம்மாவிடம் சொன்னதும், உங்க அய்யா காலு காய்ப்புல வெடிச்ச இடத்துக்கெல்லாம் நான் எண்ணெ போட்டுருக்கேன், நீங்க ஒரு நாளு தொட்டுப் பாத்துருக்கியளா என்று கேட்டாள். அதோடு பேச்சு நின்றது.

இன்னும் கேள். நான் எழுதிக்கொண்டிருந்தபோது தளைநார், இடுப்பில் கட்டும் அரிவாள்பெட்டி பற்றியெல்லாம் சந்தேகம் கேட்டது நமக்குப் பதநீர் இறக்கித் தரும் இசக்கியப்பனிடம். அவன் மகள் பேச்சி என் பள்ளியில்தான் நான்காம் வகுப்பு. தன் அய்யாவைப் பற்றிப் புத்தகம் வருகிறது என்று அந்தப் பிள்ளை ஆறு மாதமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது. புத்தகக் கட்டு வந்த அன்று முதலில் வாங்கி, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கடைசி அட்டையையும் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து, சார் இதுல எங்க அய்யா எங்கன இருக்காரு என்று கேட்டது. கொடு பிள்ளே, சார் பேனாவால் திருத்தித் தருகிறேன் என்றேன். வேண்டாம் சார், பனையேறின்னு எழுதுனா புத்தகம் அசிங்கமாயிரும் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டது. அதை அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார், நான்தானே. வருகிற ஜூனில் ஓய்வு பெறப்போகிறேன், இனி யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்து எதைச் சரிசெய்ய. மற்ற பிரதிகள் குலசேகரன்பட்டினம் வரைக்கும் போய்விட்டன.

உனக்கு அனுப்புகிற பிரதியில் மட்டும் விவசாயி என்று வருகிற பதினோரு இடத்திலும் அடித்துப் பனையேறி என்று எழுதியிருக்கிறேன், மரம் ஏறுகிற பகுதியைத் தனித்தாளில் எழுதி உள்ளே ஒட்டியிருக்கிறேன். ராத்திரி டூட்டி போகும்போது காலுறை போட மறக்காதே, கருப்பட்டி தனிப் பார்சலில் வருகிறது, ஈரம் படாமல் வை. மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், புத்தகத்தை ஹெப்சிபாவுக்கு நீயே வாசித்துக் காட்டு, ஏன் இப்படி அடித்திருக்கிறது என்று கட்டாயம் கேட்பாள், எனக்குப் பரிந்து ஒன்றும் சொல்லாதே, நடந்ததைச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
பனையேறி வேதமுத்து மகன்
ஜேசுபாதம்